கோட்டில் தெரியும் ஊர்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் கடையம். ராமநதி அதன் வயல்களை நனைக்கிறது. பாரதியார், தம் துணைவியார் செல்லம்மாள் பிறந்த இவ்வூரில் 1918ஆம் ஆண்டின் இறுதி முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் வாழ்ந்தார். அதனால் கடையம் என்றவுடன் பலருக்கும் கவிதைதான் நினைவுக்கு வரும். அதே பாரதியார் தாம் நடத்திய 'இந்தியா' இதழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டுத் தமிழ் இதழியலில் அத்துறைக்கு வழிவகுத்தவர் என்பதைப் பலர் அறியார். எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத ஒருவருக்கும் நாட்டின் நிலையைப் படம் உணர்த்திவிடும். சொல்லுக்கு வாழ்வையே கொடுத்த கவிஞர் ஒருவர் கோட்டின் ஆற்றலையும் அறிந்திருந்தார் என்பது எண்ணத்தக்கது.

இவ்வட்டாரப் பள்ளியொன்றில் இன்று ஓர் ஓவியப் போட்டி நடைபெறுவதாகக் கொள்ளலாம். 'நமது பண்பாடு' என்பது தலைப்பு. ஆளுக்கொரு வரைதாள், இரண்டு மணி நேரம். மணி அடித்த சிறிது நேரத்திற்குள் பெரும்பாலான தாள்களில் ஒரு கோபுரம் எழுந்துவிடும். அதன் ஓரத்தில் திமில் உயர்த்திய காளையொன்று பாயும். நடுவில் முத்திரை பிடித்த நாட்டியப் பெண் ஒருத்தி நிற்பாள். எஞ்சிய இடத்தைக் குத்துவிளக்கும் வாழைமரமும் நிரப்பிக்கொள்ளும். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும் இதே தாளைச் சென்னையில் வரைந்தாலும் சிங்கப்பூரில் வரைந்தாலும் இப்படியேதான் இருக்கும். ஆற்றோரப் பாறைகளும், ஆனி ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கிவரும் சாரலும், தாத்தா அமர்ந்து வெற்றிலை இடிக்கும் திண்ணையும் அதில் இடம்பெறுவதில்லை. வரைந்தவர் எங்கே நின்று எதைக் கண்டார் என்பதற்கு அத்தாளில் சான்றில்லை. அடையாளத்தைக் காட்டுவதற்காகவே வரையப்பட்ட படத்தில் வரைந்தவரின் அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் பள்ளி மாணவர்க்கு மட்டும் உரியதன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சென்னையில் ஓவியம் பயின்ற இளைஞர்களும், ஏறத்தாழ அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் பயின்ற இளைஞர்களும் இதனை எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட வழிகளைக் காண்பதற்கு முன், கடையத்தைச் சுற்றியுள்ள சுவர்களைக் காண்பது தகும்.

ஆற்றோரச் சுவர்கள்

கடையத்தை அடுத்த சிவசைலத்தின் வழியே வரும் கடனாநதி, ராமநதி முதலியவற்றின் நீரையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடித் திருப்புடைமருதூரில் தாமிரபரணியுடன் கலக்கிறது. அக்கூடலின் கரையில் நாறும்பூநாதர் கோயில் உள்ளது. வெளியிலிருந்து காண்போர்க்கு அதன் கோபுரம் நெல்லைச் சீமையின் பிற கோபுரங்களைப் போன்றதே. உள்ளே ஏறினால்தான் வேறுபாடு புலப்படும். ஐந்து நிலைகளிலும் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். அந்நிலைகளைத் தாங்கும் மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் நுணுக்கமான மரச்சிற்பங்கள். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இவ்வோவியங்களில் இராமாயணமும் சிவபெருமானின் திருவிளையாடல்களும் தொடர்கதையாக விரிகின்றன. போர்க்களமும் படையணிகளும் உண்டு. குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் பாய்மரக் கப்பலும் உண்டு. ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் கோபுரத்திற்குள் கடல் வாணிகம் வரையப்பட்டிருக்கிறது! அந்த ஓவியருக்குப் புராணம் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நெருக்கமாகத் தம் காலத்து நடப்பும் இருந்தது. பண்பாடு என்பது முடிந்துபோன ஒன்று என்று அவர் எண்ணியிருந்தால் அக்கப்பல் சுவருக்கு வந்திராது.

இவ்வோவியங்கள் வரையப்பட்ட முறை எளிமையானது, ஆனால் எளிதானதன்று. சுண்ணாம்புச் சாந்து பூசி வழவழப்பாக்கிய சுவரில் முதலில் கோட்டால் உருவங்கள் அமைக்கப்படும். காவிச் சிவப்பு, காவி மஞ்சள், கரிக்கறுப்பு, சுண்ண வெண்மை எனக் கைக்கெட்டும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கரியிலிருந்தும் பெற்ற வண்ணங்கள் நிரப்பப்படும். இறுதியில் கருங்கோடு உருவத்தின் எல்லையை உறுதிசெய்யும். ஒளியையும் நிழலையும் காட்டி உடலைத் திரட்சியாகத் தோற்றுவிக்கும் மேலைநாட்டு முறை இங்கு முதன்மை பெறவில்லை. கோடே உடலைத் தாங்குகிறது. மனிதர்கள் வரிசையாக நிற்கின்றனர். கதை பட்டைபட்டையாக நகர்கிறது. ஒரே காட்சியில் ஒரே மனிதர் இருமுறை தோன்றுவதும் உண்டு. இக்காலப் படக்கதைகளைப் படித்துப் பழகிய மாணவருக்கு இது புரியாத மொழியாக இராது.

கடையத்திற்கு வடக்கே குற்றாலத்தில் இன்னொரு சுவர் இருக்கிறது. நடராசர் ஆடும் ஐம்பெரும் சபைகளாகச் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு, குற்றாலம் ஆகியவற்றைக் கூறுவர். சிதம்பரம் பொன்னுக்கும், மதுரை வெள்ளிக்கும், திருநெல்வேலி தாமிரத்திற்கும், திருவாலங்காடு இரத்தினத்திற்கும் உரியவை. குற்றாலம் சித்திரத்திற்கு உரியது. குற்றாலநாதர் கோயிலுக்கு அப்பால், தெப்பக்குளத்தின் அருகே தனித்து நிற்கும் சித்திர சபையில் நடராசப் பெருமான் உலோகத் திருமேனியாக அன்றி ஓவியமாகவே வணங்கப்படுகிறார். சுற்றுச்சுவர்களிலும் இறைவனது பல்வேறு கோலங்களும் புராணக் காட்சிகளும் தீட்டப்பட்டுள்ளன. பொன்னுக்கும் வெள்ளிக்கும் இரத்தினத்திற்கும் நிகராக ஓவியத்தையும் ஒரு சமூகம் வரிசையில் வைத்திருக்கிறது என்பதை இவ்வட்டார மாணவர் தம் ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம். அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் பல்லாயிரவருள் மிகச் சிலரே அப்பக்கம் செல்கின்றனர் என்பது வேறு.

இன்னும் பழைமையானவை கடையநல்லூரை அடுத்த திருமலாபுரத்தில் உள்ளன. பாண்டியர் காலக் குடைவரையான அங்கு, கூரையிலும் தூணிலும் சிதைந்த ஓவியத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன.

சுவரோவியம் கல்லைப்போல் நிலைப்பதன்று. மழைநீர்க் கசிவு, வௌவால் எச்சம், விளக்குப் புகை எனப் பகைகள் பல. அவற்றினும் கொடியது அன்போடு செய்யப்படும் தீங்கு. திருவிழாவை முன்னிட்டுச் சுவரைத் 'தூய்மை'யாக்க விரும்பி வெள்ளையடித்ததில் தமிழகக் கோயில்களில் மறைந்துபோன ஓவியங்கள் பல. வந்துபோனதற்கு அடையாளமாகத் தம் பெயரை ஆணியால் கீறிவிட்டுச் செல்வோரும் உளர். முந்நூறு ஆண்டுகள் பெயரின்றி நின்ற ஓவியரின் கோட்டின்மீது, மூன்று நிமிடம் நின்றவரின் பெயர் பதிந்துவிடுகிறது.

நாட்காட்டி வழி வந்த தெய்வங்கள்

பள்ளித் தாள்களில் தோன்றும் தெய்வங்களின் முகங்கள் மேற்கூறிய சுவர்களிலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் ஊற்று கோவில்பட்டியில் இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976), திருவண்ணாமலையில் இரமணரின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கிப் பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை தீட்டுபவரானார். நாடகக் குழுவோடு வந்தவர் கோவில்பட்டியிலேயே நிலைத்தார். அருகிலிருந்த சிவகாசியின் அச்சகங்கள் அவருடைய தெய்வ ஓவியங்களை நாட்காட்டிகளாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பின. மீனாட்சி திருமணமும் கசேந்திர மோட்சமும் கூரைவீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணவர்கள் அவரிடம் உடனிருந்து பயின்று அம்மரபைத் தொடர்ந்தனர்.

இவர்களைக் 'காலண்டர் ஓவியர்கள்' என்று சற்றே இளக்காரத்துடன் குறிப்பிடும் வழக்கம் கலையுலகில் இருந்தது. அது நேர்மையான மதிப்பீடன்று. கோயிலுக்குள் நுழைய இயலாதிருந்த மக்களின் வீட்டுக்குள் தெய்வத்தைக் கொண்டுசேர்த்த தாள்கள் அவை. எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கொண்டையராஜுவுக்கு அது அவர் தேடிக் கண்ட வடிவம். நாடகத் திரையும் மேலைநாட்டு ஒளிநிழலும் கோயில் உருவமும் அவருடைய கையில் ஒன்று கலந்தன. அதனைப் பார்த்து வரையும் இன்றைய மாணவருக்கு அது வேறொருவர் தேடிய வடிவம்.

வகுப்பறையில் எழுந்த வினா

சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என வழங்கும் நிறுவனம், அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850இல் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அதன் நோக்கம் கலைஞரை உருவாக்குவதன்று. கைவினைஞரையும் வரைவாளரையும் பயிற்றுவிப்பதே ஆகும். 1929ஆம் ஆண்டுவாக்கில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்றபின், உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி வரைவதும் நுண்கலைப் பயிற்சியும் அங்கு வலுப்பெற்றன. சென்னை மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்தது. அவரையடுத்து 1957இல் பொறுப்பேற்றவர் அவருடைய மாணவர்களுள் ஒருவரான கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1944இலேயே தோழர்களுடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர். 1954இல் ஐரோப்பாவுக்குச் சென்று இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். நாடு விடுதலை பெற்றுவிட்டது. தூரிகை விடுதலை பெற்றதா என்பது அவரது தலைமுறையின் வினா. பாரிசில் எழும் ஒவ்வோர் அலையையும் பின்பற்றினால் எக்காலத்தும் பின்னால் வருபவராகவே இருக்க நேரும். அசந்தாவையும் தஞ்சையையும் அப்படியே படியெடுத்தாலோ இறந்தகாலத்தில் வாழ நேரும். இவ்விரண்டிற்கும் இடையே வழி உண்டா? பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவியவரிசை அவர் கண்ட விடையாகும். சாதகக் கட்டங்கள், எழுத்துகளைப் போன்ற கீற்றுகள், எண்கள், குறிகள் ஆகியன ஏட்டுச்சுவடியின் பக்கம்போல் அவ்வோவியங்களை நிறைத்தன. படிக்க முயன்றால் பொருள் கிட்டாது. பார்த்தால் ஒரு பழைய வீட்டின் பரணைத் திறந்தது போன்ற உணர்வு எழும். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கமே அவருக்கு இதற்குரிய பொறியைத் தந்தது என்பர்.

மாணவர்க்கு அவர் அவ்விடையைத் திணிக்கவில்லை. அதனால்தான் அங்கிருந்து வெளிவந்தவர்களின் படைப்புகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. பி. வி. ஜானகிராம் செப்புத் தகடுகளைத் தட்டி வளைத்துச் சிற்பங்கள் செய்தார். கோயில் மூலவருக்குச் சாத்தும் உலோகக் கவசமே அதன் மூலம். கவசம் முன்பக்கத்திற்கு உரியது, பின்புறம் வெறுமை. அதனையே ஒரு சிற்ப இலக்கணமாக்கிக்கொண்டு, முன்னின்று காண்பதற்குரிய தகட்டுச் சிற்பத்தை அவர் உருவாக்கினார். எத்தனையோ தலைமுறையினர் தரிசனம் செய்த ஒன்றை அவர் கண்களால் 'பார்த்தார்'. ஆ. பெ. சந்தானராஜின் கோடு தயக்கமின்றித் தாளில் ஓடியது. எஸ். தனபால் ஒளவையையும் பெரியாரையும் சிற்பமாக்கினார். பொன்னானிப் பகுதியிலிருந்து வந்த டி. கே. பத்மினி (1940–1969) தம் ஊர்ப் பெண்களை அவர்களது மௌனத்தோடு வரைந்தார். மிகக் குறுகிய அவர் வாழ்நாளில் அவ்வோவியங்கள் பெற்ற செறிவு வியப்பளிப்பது.

திருச்சி மாவட்டம் துறையூருக்கு அருகிலுள்ள கீராம்பூரில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம் இங்குக் கூடுதலாகப் பேசப்பட வேண்டியவர். தனபாலின் அரவணைப்பில் வளர்ந்து 1960களில் இக்கல்லூரியில் பயின்ற அவர், காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஐ ஒட்டி அடிகளின் உருவத்தை ஏறத்தாழ 100 கோட்டோவியங்களாக வரைந்தார். வெறும் கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். சில கோடுகளிலேயே அந்த நடை, அந்தக் கூன், அந்தத் தடி வந்துவிடும். பின்னர் வண்ணத்தில் அருவ ஓவியங்களைப் படைத்தபோதும் அவர் தமிழ் எழுத்துலகை விட்டு நீங்கவில்லை. சிற்றிதழ்களின் பெயர்களையும் நூல் அட்டைகளையும் தம் கையெழுத்தால் எழுதினார். அச்செழுத்தின் ஒழுங்குக்குப் பழகிய தமிழ்க் கண்களுக்கு, நம் எழுத்தே ஓர் ஓவியம் என்பதை அவ்வளைவுகள் காட்டின. கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை இதழில் தொடராக எழுதியபோது ஆதிமூலத்தின் ஓவியங்கள் உடன்வந்தன. இடைசெவலின் மண்ணை எழுத்து ஒருபுறமும் கோடு மறுபுறமும் தொட்டன. எழுத்தாளரும் ஓவியரும் இவ்வாறு ஒருவரையொருவர் மதித்துப் பணியாற்றிய காலம் தமிழுக்கு நற்பேறு.

மதுரையில் பிறந்து 1970களில் அக்கல்லூரியில் பயின்ற டிராட்ஸ்கி மருதுவின் வினா சற்று மாறுபட்டது. பழந்தமிழ் மன்னர்களை இக்காலத்தார் எவ்வாறு கற்பனை செய்கின்றனர்? நாடகமேடையும் திரைப்படமும் தந்த மகுடத்துடனும் பளபளக்கும் பட்டுடனும்தான். அவற்றிலிருந்து விலகி, வெயிலில் கறுத்த, போரில் தழும்பேறிய உடல்களாக அம்மன்னர்களை 'வாளோர் ஆடும் அமலை' என்னும் தம் நூலில் அவர் வரைந்தார். மரபைப் போற்றுவதற்கும், மரபு என்று பழகிப்போனதை ஐயுறுவதற்கும் துணிவு வேண்டும். பின்னதற்கு மிகுதியாக வேண்டும்.

அக்கல்லூரியில் பயின்றோர் தமிழர் மட்டுமல்லர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கேரளத்தாரும் ஆந்திரத்தாரும் கருநாடகத்தாரும் ஒரே கூரையின்கீழ்க் கற்றனர். தம் மொழியை அறியாத ஒருவரின் ஓவியத்தருகே தம் ஓவியத்தை வைத்துப் பார்க்கையில்தான் தம் ஊரின் சாயல் எதுவென ஒருவருக்கு விளங்குகிறது.

தொலைவிலிருந்து ஒரு துணை

நைசீரியா 1960 அக்டோபரில் விடுதலை பெற்றது. அதற்கு ஈராண்டு முன்னரே, அந்நாட்டின் வடபகுதியிலுள்ள சாரியா என்னும் நகரின் கல்லூரியில் ஓவியம் பயின்ற மாணவர் சிலர் சேர்ந்து 'சாரியா கலைச் சங்கம்' என்ற ஒன்றை அமைத்தனர். உச்சே ஒக்கேக்கே, டெமாஸ் நுவோக்கோ, புரூஸ் ஒனோப்ராக்பேயா ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஐரோப்பிய ஆசிரியர்கள் கற்பித்ததை அவர்கள் முற்றாக ஒதுக்கவில்லை. முற்றாக ஏற்கவும் இல்லை. தம் மக்களின் கலையில் எது உயிருள்ளதோ அதனையும், வெளியிலிருந்து வந்தவற்றுள் எது பயனுடையதோ அதனையும் இயல்பாக இணைப்பதே வழி என்றனர். இதனை 'இயல்பான இணைவு' என்று ஒக்கேக்கே பெயரிட்டு எழுதினார்.

அவர் எங்கே சென்று தேடினார் என்பதுதான் சுவையானது. இக்போ இனப் பெண்கள் தம் உடலிலும் வீட்டுச் சுவரிலும் 'உலி' என்னும் கோட்டுருக்களை வரைவர். செடிச் சாற்றில் தோய்ந்த மெல்லிய கோடு, சுருள், புள்ளி, நிறைய வெற்றிடம் ஆகியவையே அதன் இலக்கணம். ஒக்கேக்கே அதனைத் தம் தாயிடமிருந்து கற்றார். கல்லூரியில் பட்டம் பெறும் ஓவியர், பள்ளிக்கூடத்து ஓவியப்பாடம் எதையும் பயிலாத பெண்களின் கைவேலையைப் பாடமாக ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து பிறந்த கோட்டோவியங்கள் நைசீரிய நவீனக் கலைக்குப் புதிய திசையைக் காட்டின.

வாசலில் இருக்கும் பாடம்

இதனைப் படிக்கும் தமிழ் மாணவருக்குத் தம் வீட்டு வாசல் நினைவுக்கு வருதல் இயல்பு. விடியலில் சாணம் தெளித்த மண்ணில், புள்ளிகளைச் சமதொலைவில் வைத்து, அவற்றைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் சிக்குக் கோலத்தை அன்னையர் அளவுகோலின்றி இடுகின்றனர். அழிப்பான் இல்லை, பிழைத்தால் திருத்த நேரமும் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் 1970களில் கோலங்களின் அமைப்பைக் கணினியறிவியலின் வடிவ இலக்கணத்தைக்கொண்டு ஆராய்ந்தனர். அவ்வாய்வு உலக அரங்கில் கவனிக்கப்பட்டது. ஆயினும் ஓவியப் போட்டியில் கோலம் இடம்பெறும்போது பெரும்பாலும் கோபுரத்தின் காலடியில் ஓர் அலங்காரமாகவே இடம்பெறுகிறது. அதன் கோட்டை ஓர் ஓவிய மொழியாகக்கொண்டு ஆற்றையோ, பேருந்து நிலையத்தையோ, பாட்டியின் கைகளையோ வரைய முடியுமா என்று முயன்று பார்க்கும் மாணவர் அரியர்.

கோலம் மட்டுமன்று. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையிலிருந்து பத்தமடையில் பட்டுப்போன்ற பாய் நெய்கின்றனர். காருகுறிச்சியில் மண் வனைகின்றனர். அம்பாசமுத்திரத்தில் சிறார் விளையாடும் மரச்சொப்புகளைக் கடைந்து வண்ணம் ஏற்றுகின்றனர். கடையத்திலிருந்து இவை யாவும் எட்டிவிடும் தொலைவில் இருக்கின்றன. குயவரின் சக்கரத்தருகே ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தால், எந்த நொடியில் விரல் அழுந்துகிறது, எந்த நொடியில் விலகுகிறது, ஈரம் எவ்வளவு இருக்கும்போது மண் கேட்கும் என்பன தெரியவரும். புத்தகத்தில் அதனை எழுத இயலாது. மரபை அறிந்தவரின் கைகள் முதுமையடைந்து வருகின்றன என்பதும், அவர்களுடைய மக்கள் பலர் வேறு தொழில் தேடிச் சென்றுவிட்டனர் என்பதும் கவலைக்குரிய செய்திகள்.

ஊரே இல்லாமற்போனவர்க்கு அடையாளம் என்னவாகும்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரினால் இடம்பெயர்ந்தோரிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்தவை, அவற்றின் அளவறிந்த கட்டட வரைபடம், அவற்றிற்கு எதிர்வினையாகச் சனாதனன் வரைந்த ஓவியம் ஆகியன ஒன்றுசேர்ந்து 2011இல் ஒரு நூலாயின. 'தோம்பு' என்பது காணி உரிமையைப் பதியும் பழைய ஏடு. முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படவே அந்நூலுக்குப் பெயரிட்டார். வரைந்தவருள் பெரும்பாலோர் ஓவியர் அல்லர். கிணறு எங்கே, பனை எங்கே, படுக்கையறைக் கதவு எப்பக்கம் திறக்கும் என்பதை மட்டும் அவர்கள் மறக்கவில்லை. கோபுரமும் காளையும் இல்லாத அத்தாள்களில் ஓர் இனத்தின் வாழ்வு முழுமையாக இருக்கிறது.

சோறும் தூரிகையும்

ஓவியம் பயிலப்போவதாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் வீட்டில் கூறினால், கோட்டைப்பற்றியும் மரபைப்பற்றியும் எவரும் வினவமாட்டார். "அது சோறு போடுமா?" என்பதே முதல் வினாவாக இருக்கும். அவ்வினாவை இழிவாக எண்ணுதல் கூடாது. வயலில் உழைத்தும் பீடி சுற்றியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் அதனைக் கேட்கும் உரிமை உடையவர்கள்.

பணிக்கரின் மாணவர்களுக்கும் வீடுகளில் இவ்வினாவே காத்திருந்தது. ஆண்டுதோறும் திறமைமிக்க இளைஞர்கள் கல்லூரியை விட்டு வெளியேறி, ஓவியத்தைக் கைவிட்டு ஏதேனும் ஓர் அலுவலில் அமர்ந்தனர். இதனைக் கண்ட பணிக்கரும் மாணவரும் கைவினைப்பொருள்கள் செய்து விற்பதற்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியத்தை வாங்கத் தயங்கிய நகரத்தார் பாத்திக் துணிகளை விரும்பி வாங்கினர். அவ்வருவாயிலிருந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணற்பரப்பை வாங்கினர். 1966இல் அங்குத் தோன்றிய குடியிருப்பே சோழமண்டலம் ஓவியர் கிராமம். பழைய சோழநாட்டுக் கரையின் பெயரையே அதற்குச் சூட்டினர். அக்காலத்தில் அது நகரின் வசதிகள் எட்டாத தனித்த இடம். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கு ஒதுக்கினர். எஞ்சிய பொழுது ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உரியதாயிற்று. அரசையோ செல்வரையோ நம்பாமல், தம் கையுழைப்பால் ஓவியர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஊர் அது. பணிக்கர் 1967இல் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் அங்கேயே வந்து தங்கி, 1977இல் மறையும்வரை வரைந்தார்.

இன்று சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லிலும் மரத்திலும் சுதையிலும் மரபுவழிப் பயிற்சி பெற விரும்புவோர்க்கு மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி உள்ளது. அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத்திருவிழாவில் ஓவியமும் களிமண் உருவமும் போட்டிகளாக இடம்பெற்றுள்ளன. படித்து வெளிவருவோர்க்கு ஆசிரியப்பணி, நூல் வடிவமைப்பு, அசைவூட்டப்படம், துணி வடிவமைப்பு, பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் பணி எனப் பல வாயில்கள் திறந்துள்ளன. இவற்றுள் இறுதியாகக் கூறியதற்குக் கைகள் பெரிதும் தேவைப்படுகின்றன. உதிரும் சாந்தை எவ்வாறு பிடித்து நிறுத்துவது, வெள்ளைப் பூச்சின் அடியில் மறைந்த வண்ணத்தை எவ்வாறு சிதையாமல் வெளிக்கொணர்வது என்பவற்றைக் கற்றவரே அவ்வேலையைச் செய்ய இயலும். வேதியியலும் வரைகலையும் பொறுமையும் ஒருங்கே வேண்டும் தொழில் அது. அதனைக் கற்ற ஒருவர் கடனாநதிக் கரை வழியே திருப்புடைமருதூருக்குத் திரும்பி வந்தால், அக்கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் அவருக்குப் பல்லாண்டுகளுக்கான வேலை இருக்கிறது.